பகா எண் இல்லை

ஏப்ரல் 4
விடைத்தாள் திருத்தும் கூடத்தில் இன்று எனக்கு வந்தது உதவித்தொகைத் தேர்வுக் கட்டு. ஒன்பதாம் கேள்வி: 1234567 பகா எண்ணா, பகு எண்ணா? காரணம் காட்டுக. விடைக்குறிப்பில் ‘பகா எண்’ என்று இருந்தது. முப்பது தாளை அப்படியே திருத்தித் தள்ளினேன். முப்பத்தொன்றாவதில் ஒரு பிள்ளை ஓரமெல்லாம் வகுத்துப் பார்த்து, 127 × 9721 என்று எழுதியிருந்தது. பெருக்கினேன். சரியாக வந்தது. மறுபடி பெருக்கினேன்.

முதன்மைத் தேர்வாளரிடம் கொண்டுபோனேன். தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மேடம், குறிப்புல என்ன இருக்கோ அதுதான். நீங்க மார்க் போடுங்க, கணக்குப் போடாதீங்க.”

ஏப்ரல் 5
காலையில் வீட்டில் இவரிடம் சொன்னேன். இவரும் கணக்கு வாத்தியார்தான். என்னோடு சேர்ந்து நாலு வார்த்தை திட்டுவார் என்று நினைத்தேன். பொத்தான் போட்டுக்கொண்டே, “ரெண்டு மார்க்குதானே, விடு” என்றார்.

ரெண்டு மார்க்குதானேவா? அரை மார்க்கில் இடம் போகிறது என்று ஊரெல்லாம் சொல்பவரா இவர்? நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். புரிந்துவிட்டது. கேள்வித்தாள் குழுவில் இவரும் உண்டு; கேள்வி இவர் போட்டது.

“எதுவரைக்கும் வகுத்துப் பாத்தீங்க?”

“தொண்ணூத்தேழு.”

அதற்கு மேல் ஆறாவது பகா எண் 127. இன்னும் ஆறே ஆறு வகுத்தல்! வர்க்கமூலம் வரைக்கும், ஆயிரத்து நூறு தாண்டும்வரை பார்க்கணும் என்று வகுப்பில் தொண்டை கிழியச் சொல்பவர்.

ஏப்ரல் 6
இவர் எனக்கு முன்னாலேயே சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார். எனக்கும் பேசப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 7
“இப்ப மாத்தினா, கேள்வி போட்டது யாருன்னு தோண்டுவாங்க. இருபது வருஷப் பேரு” என்றார் இவர்.

“அந்தப் புள்ளைக்குப் பேரே இல்லைங்க. வெறும் பதிவெண்.”

“புருஷனையே மாட்டி விடப்போறியா?”

நான் மாட்டிவிடுகிறேனாம்! என்ன நெஞ்சழுத்தம். தப்பை நான் செய்தேனா? மத்தியானமே தேர்வு அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். வேகவேகமாக நடந்து வந்தேன். பயமில்லை, கோபம்தான் – அப்படித்தான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 13
விடைக்குறிப்பை மாற்றிவிட்டார்கள். எல்லாத் தாளையும் மறுபடி திருத்தச் சொல்லி உத்தரவு. கூடத்தில் என் பக்கத்து நாற்காலி காலி, யாரும் உட்காரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நான் டிக் அடித்த முப்பதையும் முதலில் எடுத்தேன். என்மேலும்தான் எரிச்சல்.

ஏப்ரல் 21
கேள்வித்தாள் குழுவிலிருந்து இவரை நீக்கிக் கடிதம். மாமியார் போனில், “வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சிருக்கலாமேம்மா” என்றார். வீட்டுக்குள் பேசியாச்சு அத்தை, முடியலை என்றேன். வைத்துவிட்டார்.

மே 3
பன்னிரண்டு நாளாக, கடிதம் வந்ததிலிருந்து, இவருக்கு வீட்டுக் கூடத்தில்தான் படுக்கை.

இன்று மாலை வந்து, தன் பள்ளிக்கூடத்துத் தேர்வுக்குத் தயாரித்த கேள்வித்தாளை என் முன்னால் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. “குடுக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை பாத்துடு.”

கோபம் இன்னும் அடங்கவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாம் கேள்வியில் ஒரு தப்பு. வட்டம் போட்டேன். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இவரும் உட்கார்ந்தார்.