முன்னுரையின் முதல் வரி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். எழுத்தாளர் செத்து மூன்று மாதமாகியும் வீடு அவர் எழுந்து முகம் கழுவப் போன மாதிரி இருக்கிறது. கதவைத் திறந்த வேலைக்கார அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "தலைமுடிய வெட்டிட்டீங்களா? ஐயா நீளமா இருக்கும்னாரே" என்றாள். எனக்குப் பதிலாக வேறு யாரையோ எதிர்பார்த்திருப்பாள் போல.

தொலைபேசியைத் துண்டித்துவிட்டார்கள். ஆகவே நீ கடிதம்தான் எழுத வேண்டும், சோம்பேறி!

பதிப்பகத்தில் இன்னும் சண்டை ஓயவில்லை. பாதிப் பேருக்கு அவர் காமுகர், பாதிப் பேருக்கு ஞானி. நான் அவர் நாவல்களைத் தொகுக்க வந்த எடிட்டர், எனக்கு இரண்டும் வேண்டாம். நடை கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் பன்னிரண்டு நாவலிலும் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். அது ஞானமா, சோம்பலா? தத்துவப் பேராசிரியை நீதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தொகுப்புக்கு நீ எழுதும் முன்னுரையைச் சீக்கிரம் அனுப்பு.

உன்
சுண்டெலி


பிப்ரவரி 11

என் சுண்டெலிக்கு,

சாப்பிடாமல் வேலை பார்க்காதே. முன்னுரை இத்துடன் இருக்கிறது. அவரைக் குறை சொல்கிறவர்கள் படுக்கையறையோடு நின்றுவிடுகிறார்கள். வெட்கம் என்பது நம்முடையதல்ல, பிறர் நமக்குள் வைத்த காவல்காரன் என்று அவரளவுக்குத் துணிந்து சொன்னவர் யார்? முதல் வரிக்காக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிடித்திருக்கிறதா?

மாடியில் கடைசி அறையில் உட்கார்ந்து வேலை செய்யாதே. அங்கே பகலிலும் வெயில் வராது. உனக்குச் சளி பிடித்துவிடும்.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

நீ இந்த வீட்டுக்கு எப்போது வந்தாய்? அவரைப் பார்த்ததே இல்லை என்றுதானே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாய்?

மாடிக் கடைசி அறையில் நூலகத்தில் இருப்பதுபோல ஓர் இழுப்பறை அலமாரி. உள்ளே அட்டைகள். ஒரு பெண்ணுக்கு ஓர் அட்டை. எதற்கு அழுதாள், எதற்குப் பயந்தாள், எத்தனையாவது நாளில் இணங்கினாள், இனி என்ன செய்வாள். முதலில் சிரிப்பு வந்தது. நாவலுக்குக் குறிப்பு எடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது இழுப்பறையில் உன் பெயர்.

மை மங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "நான் போன பிறகு என்னை நியாயப்படுத்தி எழுதுவாள். இப்படித் தொடங்குவாள்: அவர் யாரையும் கெடுக்கவில்லை, கெட்டுப்போக நமக்கிருந்த பயத்தைத்தான் கெடுத்தார்."

உன் முன்னுரையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காற்புள்ளிகூட மாறவில்லை.

அதற்குப் பின்னால் இன்னோர் அட்டை. தலைப்பு: சுண்டெலி. வீட்டுக்கு வெளியே இந்தப் பெயர் யாருக்குத் தெரியும்? "பார்த்ததில்லை. அக்கா சொன்னதை வைத்து எழுதுகிறேன். இங்கே வருவாள். சிரிப்பாள். அக்காவின் அட்டையைப் படித்துவிட்டுக் கோபப்படுவாள். பிறகு மற்றவர்களுடையதையும் படிப்பாள். எல்லாவற்றையும்."

உடனே மூடிவிட்டேன். கோபமாகத்தான் இருக்கிறேன். பதில் எழுது.


பிப்ரவரி 20

கண்ணம்மா,

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது மூன்று மாதம் அங்கே போனேன். நூலகத்துக்கு என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். அவர் என்னைத் தொட்டார், அதை மறைக்க மாட்டேன். ஆனால் என்னைச் சுட்டது அதுவல்ல. தினமும் அந்தக் கடைசி அறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்பார். நான் திணறுவதைப் பார்த்து எழுதிக்கொள்வார்.

அம்மா ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்த வாரம் கேட்டார், "உள்ளுக்குள்ள கொஞ்சம் லேசா இருக்கா?" என்று. நான் "ஆமா" என்றேன். அதன் பிறகு போகவில்லை. அவர் கேட்டதால் அப்படித் தோன்றியதா, தோன்றியதை அவர் கண்டுபிடித்தாரா? இன்றுவரை தெரியவில்லை. அந்த முதல் வரியும் அப்படித்தான். அவர் எப்போதோ சொல்லிக் கேட்டேனா, நானே யோசித்தேனா? நினைவைத் துழாவித் துழாவிப் பார்க்கிறேன். ஒன்றுமே அகப்படவில்லை.

முன்னுரையைக் கிழித்துப் போடு. அட்டைகளைத் தொடாதே. நாளைக்கே கிளம்பு. அம்மாவைப் பற்றி நான் சொன்னது அங்கே எழுதியிருந்தால் எனக்குச் சொல்லாதே.

அக்கா


மார்ச் 2

அக்கா,

எழுதியிருக்கிறது. நீ பதில் சொல்லுமுன் நான்கு நொடி யோசித்தாய் என்பதும் இருக்கிறது.

ஏழு இழுப்பறை முடித்துவிட்டேன். இன்னும் ஐந்து. நாவல்களைப் பற்றி நாம் வீணாக அடித்துக்கொண்டோம். அவற்றில் பெண்கள் ஒரே குரலில் பேசுவது ஏன் தெரியுமா? உண்மையான குரல்களையெல்லாம் இங்கே வைத்திருந்தார். இதுதான் அவருடைய பெரிய படைப்பு. ஒரு வரிகூடப் பொய் இல்லை. இதைத்தான் அச்சிட வேண்டும், பெயர்களை எடுத்துவிட்டு. வேலைக்கார அம்மாள் நேற்று தன் அட்டையைத் தரச்சொல்லி அழுதாள். இடது புறங்கையால்தான் கண்ணைத் துடைக்கிறாள். குறித்துக்கொண்டேன்.

நீ அடுத்து என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும்.


மார்ச் 6

என் கண்ணே,

தெரிந்தாலும் படி.

நீ கேட்ட தீர்ப்பு இதோ. அவர் நல்ல எழுத்தாளர். அதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன். தத்துவவாதி இல்லை. எலி எந்தப் பக்கம் ஓடும் என்று பூனைக்கும்தான் தெரியும், அதற்குப் பெயர் ஞானமா? விடுதலை விடுதலை என்று பன்னிரண்டு நாவல் எழுதிய மனிதர் ஒருத்தியையும் விடவில்லை, அட்டையில் பூட்டித்தான் வைத்தார். அந்தப் பெண்கள் யாரும் உன்னிடம் பேசவில்லை. அவர் கேட்டதற்குப் பதில் சொன்னார்கள், அவ்வளவுதான். அச்சிட்டால் அவர்களை இரண்டாம் தடவை அதே நாற்காலியில் உட்கார வைப்பவள் நீ.

உன் பதிலுக்காகக் காத்திருக்கப் போவதில்லை. இந்தக் கடிதம் கிடைக்கும் நாள் மதியம் நான் அங்கே இருப்பேன். வேலைக்கார அம்மாளிடம் அவள் அட்டையைக் கொடுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நில். தயவுசெய்து நில்லடி. நீ அங்கே இல்லையென்றால் நான் உள்ளே வர வேண்டியிருக்கும். படி ஏறினால் எந்த அறைக்குப் போவேன் என்று என் கால்களுக்குத் தெரியும். அவை என்னைக் கேட்காது.

அக்கா