ரொட்டி நின்ற இடம்

பிரிஸ்டல்,
9 மார்ச் 1861, சனிக்கிழமை

அன்புள்ள சைலஸ் அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். ஒரு வீட்டில் சமையலறை வேலை கிடைத்திருக்கிறது. கிளம்பி ஐந்து நாளாகிறது. உடனே எழுதினால் வந்து இழுத்துப்போய்விடுவாய் என்று பயம். ஜேபஸ் தங்கமானவன்தான். ஆனால் அவனைக் கட்டிக்கொள்ள மனம் வரவில்லை. அதை அவன் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமும் இல்லை. நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

ஆலைக்குளத்தைத் தாண்டும்போது என் சிவப்புச் சால்வை காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தது. கிடைத்தால் எடுத்துவை. அம்மா பின்னியது.

உன் தங்கை,
ஹெஸ்டர்

நெதர்கோம்ப் ஆலை,
13 மார்ச்

ஹெஸ்டர்,

ஜேபஸிடம் சொல்ல முடியாது. நேற்று அவனைப் புதைத்தோம்.

வெள்ளிக்கிழமை உன் சால்வை மிதந்தது. நீ மூழ்கிவிட்டாய் என்று ஊரே குளத்தடியில் கூடிவிட்டது. நீ கடிதம் எழுதிய அதே சனிக்கிழமை, மூழ்கிய உடலுக்கு நேர்மேலே போய் நிற்கும் என்று நம்பி, வழக்கம்போல் ரொட்டியைக் குடைந்து, பாதரசம் ஊற்றி மிதக்கவிட்டார்கள். அது மதகு மூலையில் போய் நின்றது.

"அங்கதான்டா கிடக்கா!" என்று கத்தினார் கொல்லர் ஏபல்.

"தள்ளுங்கய்யா" என்று குதித்துவிட்டான் ஜேபஸ். நீச்சல் தெரியாதவன், பாவி! நான் மதகை அடைப்பதற்குள் தண்ணீர் அவனை அடியில் இழுத்துக்கொண்டது.

குளத்தில் எதைப் போட்டாலும் அந்த மூலையில்தான் போய் நிற்கும். வைக்கோல், வாத்து இறகு எல்லாம் அங்கேதான் சுற்றும். இருபது வருஷமாகப் பார்க்கிறவன் நான். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

சைலஸ்

பிரிஸ்டல்,
16 மார்ச்

அண்ணா,

ஐயோ, என்ன செய்துவிட்டேன்! ஊருக்கு வருகிறேன். ஜேபஸின் அம்மா முன்னால் மண்டியிடுகிறேன். அடிக்கட்டும், காறித் துப்பட்டும். சொல்லாமல் இருந்தால் ஒரு வாய் தொண்டையில் இறங்காது. 'வா' என்று ஒரு வரி எழுது.

ஹெஸ்டர்

நெதர்கோம்ப் ஆலை,
20 மார்ச்

ஹெஸ்டர்,

வராதே.

ஜேபஸின் அம்மா தினமும் மதகடிக்கு வந்து உட்கார்கிறாள். "என் புள்ள அவளைத் தேடித்தானே போனான் சைலஸ்? இப்ப ரெண்டு பேரும் ஒண்ணா இருப்பாங்கல்ல?" என்கிறாள். "ஆமாம்மா" என்கிறேன். அவளுக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். கல்லறைக் கல்லில் அவன் பெயருக்குக் கீழே உன் பெயரையும் வெட்டச் சொல்லியிருக்கிறாள். நானும் சரி என்றுவிட்டேன்.

அவளுக்காக மட்டும் சொல்லவில்லை. நீ வந்து நின்றால் ரொட்டி பொய் என்று ஆகிவிடும். பிறகு அந்த மூலையைப் பற்றி என்னைக் கேட்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி எழுதாதே.

சால்வையைக் கேட்டிருந்தாய். அதை அவன்மேல் போர்த்தித்தான் புதைத்தோம்.

சைலஸ்