எட்டாவது முகடு

ஜூன் 9, திங்கள்

காலை எட்டரைக்கே வெயில். அடையாறு அலுவலகத்தில் ஏசி பழுது. விசிறிக்கொள்ள ஒரு பழைய ஆய்வுக் கட்டுரை.

தொலைநோக்கியிலிருந்து புது டேட்டா. அதே பெரிய நட்சத்திரம், இன்னும் உருவாகிக்கொண்டிருப்பது. அதைச் சுற்றியுள்ள மெத்தனால் வாயு ரேடியோ அலையைப் பெருக்கி அனுப்பும். அதுதான் மேசர். வரைபடத்தில் வழக்கமாக ஏழு முகடுகள். இன்று எட்டு!

எங்கள் குழுத் தலைவர் ஸ்டெல்லா மேடம் எட்டிப் பார்த்தார். "ஏதாவது செல்போன் டவரா இருக்கும்மா."

போன வருஷமும் இப்படித்தான் குதித்தேன். கடைசியில் ஏதோ செயற்கைக்கோள். தொலைநோக்கிக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டது மேடம். தயங்குவது நியாயம்தான்.

ஆனால் இது நிஜம். நட்சத்திரம் திடீரென்று நிறைய வாயுவை விழுங்கினால் மேசர் இப்படிப் பொங்கும்; சில நாளில் அடங்கிவிடலாம். தொலைநோக்கியில் அவசர நேரம் கேட்க மேடம் கையெழுத்து வேண்டும்.

வாங்க: வெண்டைக்காய், பேனா, அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

ஜூன் 10, செவ்வாய்

மேகம். மழை இல்லை. மேடம் காய்ச்சலில் லீவ்.

வழி கிடைத்தது. பூமி சூரியனைச் சுற்றுவதால் வானத்திலிருந்து வரும் அலைவரிசை நாளுக்கு நாள் துளி நகரும். டவர் சிக்னல் நகராது. போன வார டேட்டாவைத் தோண்டினேன். மங்கலாக அங்கேயும் எட்டாவது. மற்ற ஏழும் நகர்ந்த அதே அளவு அதுவும்!

உடனே ஆட்டோ, மயிலாப்பூரில் மேடம் வீட்டுக்கு. வழியெல்லாம் அலுவலகத்தோடு போனில் கத்தல்.

டிரைவர்: "இன்னா மேடம், எட்டு எட்டுன்னு கத்திக்கினு வர்றீங்க?"

"நட்சத்திரம்ப்பா."

"எட்டாவதுன்னா பூசம். எம் பொண்ணு பூசம்தான்."

திருத்த மனம் வரவில்லை.

மேடம் போர்வையோடு கதவைத் திறந்தார். வரைபடத்தை இரண்டு முறை பார்த்தார்.

"தப்புன்னு காட்ட நீயே முயற்சி பண்ணியா?"

"நாலு விதமா பண்ணேன் மேடம். நிக்குது."

"மறுபடி சொதப்பினா?"

"இந்தத் தடவை நான் மன்னிப்புக் கேக்கறேன்."

பேனா கேட்டார். கையெழுத்து கோணல். "அனுப்பு. உன் பேர் முதல்ல."

ஜூன் 11, புதன்

நேரம் கிடைத்தது! நாளைக் காலை இரண்டு மணி நேரம். மேடத்துக்குக் காய்ச்சல் குறைவு.

மதியம் தயிர் சாதம், இரண்டு டப்பா. கவலைப்பட நேரமில்லை; பசி.

ஜூன் 13, வெள்ளி

காலை பதினொன்று. டேட்டா வந்துவிட்டது. மேடம் என் நாற்காலிக்குப் பின்னால். பட்டனைத் தட்டினேன்.

ஏழு முகடுகள் கீழே, குட்டிகுட்டியாய். எட்டாவதன் தலை திரைக்கு மேலே போய்விட்டது. மேடம் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார், வலித்தது. "எல்லாரையும் கூப்பிடு" என்றார்.

அளவை மாற்றி மறுபடி வரைய வேண்டும்.