றேடியோ நேரம்

1984 மார்ச் 6, செவ்வாய்

சிவக்கொழுந்துவின் பிள்ளை இன்று குறிகட்டுவான் பஸ் தரிப்பிடத்தில் பிறந்தது. அழவேயில்லை.

மருத்துவமாது என்று கூடப் போனவள் நான். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, நெடுந்தீவிலிருந்து எமிலியானுஸ் தன் மணிக்கூட்டைப் பார்த்துத் தன் மோட்டார்ப் படகை, அந்த லோஞ்சை, எடுத்தார். கரைசேர்ந்தபோது யாழ்ப்பாணப் பஸ் போய்விட்டது. அதை அனுப்பிய நேரக்காப்பாளர் சிவபாதமும் தன் மணிக்கூட்டைத்தான் பார்த்தாராம். அடுத்த பஸ் மத்தியானம். இரண்டு பேரும் சொன்னது ஒன்றே: "என்ர மணிக்கூடு சரி."

மார்ச் 7

காலைச் செய்திக்கு முன் வானொலியில் சரியான நேரம் சொல்லும் 'பீப்' கேட்டது. எங்கள் மருந்தகச் சுவர் மணிக்கூடும் பிந்தித்தான் நிற்கிறது. ஆளுக்கொரு நேரம் வைத்துக்கொண்டு என்னத்தைச் சரி என்கிறோம்?

மார்ச் 9

எமிலியானுஸிடம் போனேன், மணிக்கூட்டை றேடியோவுக்குத் திருப்பிவைக்கச் சொல்லி.

"லோஞ்ச் என்ர. நேரமும் என்ர."

"அப்ப செத்த பிள்ளை ஆருடையது, அண்ணை?"

கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 12

பெரிய டொக்டர் கூப்பிட்டார். "மணிக்கூடு திருத்திறது உம்மட வேலையில்லை, நாகபூசணி."

"பிள்ளைப்பேறு பார்க்கிறது என்ர வேலைதானே, ஐயா. இதுவும் அதுக்குள்ளதான் வருது."

இனி இதற்காக மருந்தகத்தை விட்டுப் போகக்கூடாதாம். போவேன்.

மார்ச் 15

போனேன். றேடியோவை மடியில் வைத்து, கடல் நனைக்காமல் சேலையால் மூடிக்கொண்டு. குறிகட்டுவானில் சிவபாதத்தின் மேசையில் வைத்தேன். சிரித்தார். 'பீப்' வந்ததும் சிரிப்பு நின்றது. அவருடையது நன்றாக முந்தி ஓடியிருக்கிறது. கதிரையில் ஏறிச் சுவர் மணிக்கூட்டைத் திருத்தினார்.

"ஒருக்காத் திருத்தினாக் காணுமோ, தங்கச்சி?"

"காணாது, அண்ணை. திரும்பவும் பிழையாய் ஓடும். ஒவ்வொரு நாளும் கேட்கவேணும்."

வாசலில் நின்று எமிலியானுஸ் எல்லாம் பார்த்தார். "அவர் திருத்தினா நானும் திருத்துறன்," என்றார், என் முகத்தைப் பாராமல்.

மார்ச் 19

டொக்டர் சொல்லை மீறிப் போனதற்கு விசாரணையாம். வைக்கட்டும்.

ஏப்ரல் 3

பிள்ளைப்பேற்றுக்கு றோஸைக் கொண்டுபோனோம். கரைசேர்ந்தபோது பஸ் நின்றது. ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை. என்ன சத்தமாய் அழுதான்.

ஏப்ரல் 8

சிவக்கொழுந்து மருந்தகத்துக்கு வந்தாள். றோஸின் பிள்ளையைப் பற்றிக் கேட்டாள். பிறகு, "என்ர பிள்ளைக்கு ஏன் முந்தியே இதைச் செய்யேல்லை, அக்கா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

மே 2, புதன்

ஊர்காவற்றுறையில் இன்று விசாரணை. பயமில்லை, சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சில் அடுக்கி வைத்திருந்தேன். துறைக்கு வந்தால் லோஞ்ச் கயிறு கழற்றி நகர்கிறது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரமிருக்கிறதே என்று கத்தினேன்.

எமிலியானுஸ் திரும்பிப் பார்த்தார். "றேடியோ சொல்லீட்டுது, பிள்ளை. இனி நிக்க ஏலாது."

எனக்காகவும் நிற்கவில்லை. கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. விசாரணைக்காரர் இன்னொரு நாள் கூப்பிடட்டும். அன்றைக்கும் இதையே சொல்வேன்.

லோஞ்ச் வெளிக்கிட்ட நேரத்துக்கு என் கைக்கடிகாரத்தைத் திருப்பிவைத்தேன்.