திருத்தாமல் அனுப்புங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

இங்கே ஒரு சின்ன விஷயம். சலவைக்கூடத்தில் யாரோ இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் போனதில் மேசைத் துணிகள் கருகிவிட்டன. "யாரு இப்படி விட்டுட்டுப் போனது?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். என் பெட்டியை நான் அணைத்துவிட்டுத்தான் போனேன். அதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். 'அதை' முதலில், துணைவினை அடுத்து, வினை கடைசியில் என்று மாலை வகுப்பில் படித்ததை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். "தப்பாப் பேசுறதுக்குப் பேசாமலே இருக்கலாம்" என்று நீங்கள் வளர்த்த பிள்ளையாயிற்றே!

பக்கத்து மேசைக்காரிக்கு வினையும் தெரியாது, காலமும் தெரியாது. என்னைக் கைகாட்டி, "இவ... பெட்டி... நேத்து... சூடு!" என்று கொட்டித் தீர்த்தாள். மேற்பார்வையாளர் என் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார். என் வாக்கியம் ஒரு பிழையும் இல்லாமல் வந்து சேர்ந்தபோது கேட்க ஆள் இல்லை.

வேலை போகவில்லை, பயப்படாதீர்கள். என்னைக் கீழ்த்தளத்தில் ஈரத்துணி பிழியப் போட்டிருக்கிறார்கள். தரை எப்போதும் நனைந்தே கிடக்கிறது. இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்புங்கள்.

அம்மாவை ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழையைப் பார்த்து நீங்கள் சிரிப்பதால்தான் ஐந்து மாதமாக அம்மா எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். சிவப்புப் பேனாவைத் தொடாமல், அப்படியே உறையில் போடுங்கள்.

ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. இந்தக் கடிதத்தில் பிழை இருந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்