வேண்டுதல் இல்லாத நடை

என் நடைத்துணையாக இருந்த அண்ணிக்கு,

தை பிறந்துவிட்டது. கீழ்பென்னாத்தூர் பக்கம் சம்பா அறுப்பு தொடங்கிவிட்டதாக பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். நாம் கிளம்ப வேண்டிய மாதம் இதுதான். உங்கள் ஷூ கதவோரம் அப்படியே இருக்கிறது. தள்ளிவைத்துப் பெருக்க மனம் வரவில்லை, அதைச் சுற்றியே பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஆகாது என்று ஊர் சொல்லும். நமக்கு என்னவோ ஒத்துப்போய்விட்டது. கணவர் போனபின் நான் அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்ததிலிருந்து பௌர்ணமிதோறும் நாம் இரண்டு பேருமாக மலை சுற்றினோம். அப்படி ஒருமுறை அடி அண்ணாமலையில் டீ குடிக்க உட்கார்ந்தபோது, பாதத்தை அமுக்கிவிட்டபடி சொன்னீர்கள்:

“எத்தினி வருஷமா சுத்தறோம், கடைசில செருப்பு விட்ட எடத்துலயே வந்து நிக்கிறோம். ஒரு தடவையாவது நேரா நடக்கணும் சுமதி. கடல் வர்ற வரைக்கும்.”

கடல் வந்ததும் என்ன செய்வது என்று கேட்டேன். போனால்தானே தெரியும் என்றீர்கள்.

சத்துணவு வேலையிலிருந்து நீங்கள் ஓய்வு பெற்றதும் பேச்சு திட்டமாகிவிட்டது. கிழக்கே நேராக நடக்க வேண்டும். முதலில் கீழ்பென்னாத்தூரில் உங்கள் தம்பி வீட்டில் தங்கல். அடுத்து செஞ்சி. கோட்டைக்கு ஒரு நாள் முழுசாக வேண்டும், ராஜகிரியில் ஏறி நாம் நடந்து வந்த வயலையும் ஏரியையும் மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்றீர்கள். பிறகு திண்டிவனம், அதையும் தாண்டி மரக்காணம், உப்பளம், கடல். நடுவில் அலுத்துப்போனால் பஸ் ஏறலாமா என்று கேட்டதற்கு என்னை முறைத்தீர்களே, நினைவிருக்கிறதா?

புடவைக்குக் கீழே ஷூ மாட்டிக்கொண்டு காலை வேளைகளில் நடந்து பழகினோம். பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே கேள்விதான். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கா, இன்னா வேண்டுதல்? செஞ்சியில் லாட்ஜுக்குப் போன் செய்தால் அங்கேயும் எந்தக் கோயில் குரூப் என்று விசாரித்தார்கள். ஒரு பொம்பளை நடக்கிறாள் என்றால் சாமியிடம் எதையோ கேட்டுத்தான் நடப்பாள் என்பது நம் ஊர்க் கணக்கு. நீங்கள் எல்லோருக்கும் ஒரே பதில் வைத்திருந்தீர்கள்.

“வேண்டுதல் ஒண்ணுமில்லீங்க. சும்மா நடக்கிறோம்.”

அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு மிதப்பு வரும். அதை இனி எங்கே போய்ப் பார்ப்பேன்?

அப்புறம்தான் வயிற்றுவலி வந்தது. நம் நடையைக் கேலி பண்ணிக்கொண்டே இருந்த அண்ணன், நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்ததும் ஆடிப்போய்விட்டார். யாரையும் கேட்காமல் அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்து நின்றார். நீங்கள் எழுந்துவிட்டால் நம் வீட்டிலிருந்து அம்மன் கோயில் வரைக்கும் நடந்தே வருகிறோம் என்று. நீங்கள் என் பக்கம் திரும்பி முணுமுணுத்தீர்கள்: “என் நடையக் கொண்டும்போய் அடகு வச்சிட்டாரு பாரு உங்கண்ணன்.” ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அதன்பிறகு சில நாள் எழுந்து உட்கார்ந்தீர்கள். கஞ்சி குடித்தீர்கள். திண்டிவனத்தில் எங்கே தங்குவது என்றுகூடக் கேட்டீர்கள். நான் நம்பிவிட்டேன் அண்ணி, முழுசாக நம்பிவிட்டேன். பிறகு போய்விட்டீர்கள். சுற்றி வராமல் நேராக நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள், நடந்துவிட்டீர்கள். என்னை எதற்கு விட்டுவிட்டுப் போனீர்கள்?

இங்கே வீடு வீடாக இல்லை. பௌர்ணமிக் கூட்டம் வாசலைத் தாண்டிப் போகிறது, நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன். மலையின் மேல் கோபமா என்று கேட்பீர்கள். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே. ஒருநாள் என் ஷூவை மாட்டிக்கொண்டு செஞ்சி ரோட்டில் கொஞ்சதூரம் போய்ப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மா மேல்மலையனூருக்கா என்று கேட்டார். உங்கள் பதிலைச் சொல்லாமலே பாதியில் திரும்பி வந்துவிட்டேன்.

அண்ணன் மாசக்கணக்காக யாரோடும் பேசவில்லை. போன வாரம் சாப்பிடும்போது வாயைத் திறந்தார். வேண்டுதல் அப்படியே நிற்கிறதாம், நானாவது போய் முடித்துவிட்டு வர வேண்டுமாம். எனக்கு வந்ததே ஆத்திரம். அண்ணிதான் பிழைக்கவில்லையே, கொடுக்காத சாமிக்கு என்ன நேர்த்திக்கடன் என்று கத்திவிட்டேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“எழுந்து உக்காந்தா இல்ல? கஞ்சி குடிச்சா இல்ல? அதுக்காவது நடக்கணும்மா.”

நான் எழுந்து பின்பக்கம் போய் அழுதேன். எந்த நாட்களை நான் ஏமாற்று என்று நினைத்துப் பொருமிக்கொண்டிருக்கிறேனோ, அதே நாட்களை அவர் வரம் என்று வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு பேரில் யார் சொல்வது சரி அண்ணி? நீங்கள் இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்துவைப்பீர்கள்.

மறுநாள் அவரிடம் சொல்லிவிட்டேன். வேண்டிக்கொண்டவர்தான் நடக்க வேண்டும், அடுத்தவர் காலால் ஆகாது. செஞ்சி வரைக்கும் சேர்ந்தே போவோம். அங்கே வழி பிரியும். நீ வடக்கே அம்மனிடம் போ, நான் கிழக்கே அண்ணி வழியில் போகிறேன். இன்று காலையில் அவராகவே வந்து, “நான் செருப்பு போடக் கூடாது இல்ல?” என்றார். முட்டிக்குத் தடவுகிற தைலத்தை அவர் பையில் எடுத்து வைத்தேன்.

ஆறுதல் கிடைக்கும் என்று நான் கிளம்பவில்லை. அது எந்த ஊரிலும் இல்லை என்று தெரிந்தேதான் போகிறேன். ராஜகிரியில் ஏறப்போவதில்லை, தனியாக நின்று எதைப் பார்ப்பது?

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். வழியில் யார் கேட்டாலும் உங்கள் பதிலையே சொல்வேன், வேண்டுதல் ஒண்ணுமில்லீங்க என்று. நீங்கள் சொன்னபோது நமக்கு எந்தக் குறையும் இல்லை என்று அதற்கு அர்த்தம். நான் சொல்லும்போது, கேட்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

மரக்காணம் வரை நடந்து போய் நிற்பேன் அண்ணி, நடுவில் பஸ் ஏற மாட்டேன். கடல் வந்ததும் என்ன செய்வது என்று மட்டும் நீங்கள் சொல்லவே இல்லையே.

செஞ்சிக்கு அப்பால் தனியாக நடக்கப்போகும்
உங்கள் நாத்தனார்,
சுமதி