வாசலில் விட்டுவைத்த பனி

அன்புள்ள சனாயேக்கு,

கடிதம் என்றால் முதலில் பருவநிலையை விசாரிப்பது நம் மரபு. உன் பெர்த் நகரில் வெயில் கொளுத்தும். இங்கே ஹொக்காய்டோவில், நீ பிறந்த ஊரில், பனி விழுந்துகொண்டிருக்கிறது. விசாரிப்பு முடிந்தது. உன் அம்மா உயிரோடு இருக்கிறாள். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மற்றதை நிதானமாகப் படிப்பாய்.

திங்கட்கிழமை சென்டாயிலிருந்து வந்து சேர்ந்தேன். மாவு போன்ற இந்தப் பனியில் சறுக்குவதற்காகவே ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் கடந்து வருகிறவர்களால் பேருந்து நிறைந்திருந்தது. ஓட்டுநரையும் என்னையும் தவிர ஜப்பானிய முகமே இல்லை. நீ அவர்கள் நாட்டில், அவர்கள் உன் ஊரில். நல்ல பண்டமாற்று.

உன் அம்மா சுமியேயின் வாசல் பாதையில் பனி, டோஃபுக் கட்டியை வெட்டியதுபோல ஓரம் பிசகாமல் அள்ளப்பட்டிருந்தது. எழுபத்தாறு வயதில் என் தங்கைக்கு என்ன திமிர் என்று வியந்தபடி மணியை அழுத்தினேன். பதில் இல்லை. வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போயிருப்பாள், நான் வருவது மறந்திருக்கும் என்று முடிவுகட்டி, அவளைத் திட்டிக்கொண்டே காப்பிக் கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். சான்றிலிருந்து முடிவுக்கு வருவது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் வாழ்நாளெல்லாம் கற்பித்தவள் நான்.

திரும்பி வரும்போது எதிர்வீட்டு ஒகுமுரா, சறுக்கு மலையில் லிஃப்ட் ஓட்டி ஓய்வுபெற்றாரே, அவர் வழிமறித்து, "என்னம்மா, தங்கச்சி சூப்பு வெச்சுக் குடுத்தாங்களா, இல்ல வாசலோட அனுப்பிட்டாங்களா?" என்று சிரித்தார். வீட்டில் ஆளில்லை என்றேன். சிரிப்பு நின்றது. "வெளிய போகலையே! பஸ்சுக்கு என் ஜன்னலைத் தாண்டித்தானே போகணும்? வாசல் சுத்தமா இருந்துச்சு, சரி, ஆளு நல்லாத்தான் இருக்காங்கன்னு..." என்று சொல்லிக்கொண்டே பாதையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேலே தூவியிருந்த புதுப்பனியில் தடங்கள் இரண்டு பேருடையவைதாம். ஒன்று என்னுடையது. மற்றது யாரோ ஓர் ஆணின் பெரிய காலணி.

இந்த ஊரின் வழக்கம் உனக்கு மறந்திராது. தனியாக இருப்பவரின் வாசலில் காலைப் பனி அள்ளப்படாமல் கிடந்தால், அக்கம்பக்கத்தார் போய்க் கதவைத் தட்டுவார்கள். அள்ளியிருந்தால் ஆள் நலம். இதைவிடப் பெரிய ஏற்பாடு எதுவும் இங்கே எப்போதும் இருந்ததில்லை.

கதவு பூட்டியிருக்கவே இல்லை. முதல் முறையே நான் இழுத்துப் பார்த்திருக்கலாம். உள்கதவை ஒட்டிச் சுமியே கிடந்தாள். இடுப்பெலும்பு முறிந்து, உதடு நீலம் பாரித்து, கணப்பு மேசைமேல் விரித்திருந்த கனத்த போர்வையை எப்படியோ இழுத்துப் போர்த்திக்கொண்டு. மண்ணெண்ணெய்க் கணப்பு அன்று காலைவரை எரிந்ததால் பிழைத்தாள். நான் அவளிடம் ஓடினேன். கண்ணைத் திறந்து அவள் சொன்ன முதல் வார்த்தை: "பூட்ஸைக் கழட்டுக்கா, தரையெல்லாம் ஈரம்."

விழுந்தது சனிக்கிழமை மாலையாம். மருத்துவமனையில் மெல்லச் சொன்னாள்: "ரெண்டு நாள் காலையிலயும் மண்வெட்டிச் சத்தம் கேட்டுச்சுக்கா. கதவுக்கு அந்தப் பக்கம்தான். கத்தினேன். காதுல பாட்டு மாட்டியிருப்பான். பாவம், நல்லாத்தான் வேலை செய்யுறான்."

அவன் பெயர் டேரன். பக்கத்து விடுதியில் தங்கிச் சறுக்கக் கற்றுக்கொடுக்கிறான். பொழுது விடியும் முன்பே பனியை அள்ளிவிட்டு மலைக்குப் போய்விடுவான். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒகுமுரா அவனைப் பிடித்து, "எங்க ஊர்ல வாசப்பனி சும்மா குப்பை இல்லடா! உன்னை யாருடா அதுல கை வைக்கச் சொன்னது?" என்று உலுக்கினார். அந்த நெடிய உருவம் குழந்தைபோல் அழுதுகொண்டே தனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னது: "சனாயேதான் கேட்டாங்க. அம்மா கஷ்டப்படக் கூடாதுன்னு. தெனம் வாசலைப் படம் எடுத்து அவங்களுக்கு அனுப்புவேன்."

எனவே அந்த இரண்டு காலைகளின் படங்களும் உன்னிடம் இருக்கும். அழகாகவே இருந்திருக்கும்.

நீ செய்தது தவறு என்று எழுதவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்து, என்னையே மெச்சிக்கொண்டிருப்பேன். இதை உனக்குச் சொல்லவே கூடாது, சொன்னால் அப்புறம் நீ தூங்க மாட்டாய் என்று சுமியே என்னிடம் வாக்குக் கேட்டாள். தலையாட்டிவிட்டு எழுதுகிறேன். தூங்காவிட்டால் பரவாயில்லை, விமானத்தில் யாரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை.

வீட்டில் துணைக்கு ஒருவர் இருந்தால் மாத முடிவில் அனுப்பிவிடுவார்களாம். இல்லையேல் சமவெளியில் ஒரு முதியோர் இல்லம். "வீட்டுக்குத்தான் போவேன்" என்கிறாள். யார் துணையோடு என்று கேட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ஆனால் செவிலி மணி சொல்லும்போதெல்லாம் அதில் ஒன்றைக் கழித்து முணுமுணுக்கிறாள். உன் ஊர் நேரம் என்று எனக்குப் புரிவதற்குச் சற்றுத் தாமதமானது.

டேரன் இப்போதும் பாதையை அள்ளுகிறான். கதவை ஒட்டிய கடைசி ஒரு முழத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுகிறான். அதைக் காலையில் நான் அள்ளுகிறேன். எதிர்ஜன்னலில் ஒகுமுரா திரையை விலக்கிக் கை காட்டுகிறார். என் தோள் மாத முடிவுவரை தாங்கும். அதற்குமேல் தாங்காது.

நல்லபடியாக வந்து சேர். கையுறை கொண்டு வா. இங்கிருப்பவை உனக்குச் சின்னவை.

உன் பெரியம்மா,
கினுயோ